என் பேரில் இருந்த இரண்டு நாள்

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். என் வயிறு நீங்கலாக மற்ற எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனார் மாமியாரும் நலமா? அந்த ஊர்க் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். நீ வீட்டில் போனை எடுத்தாலே ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறாய். உன் மாமியார் என்னை நலம் விசாரிக்க, நான் அவரை விசாரிக்க, பேச வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இது ஊர் கேட்கிற பேச்சு இல்லை. அதனால் உன் ஏர்போர்ட் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். காணாமல் போன பெட்டிகளுக்கு நடுவே இந்தக் கவரைத் தொலைத்துவிடாதே. நீயும் என் பல் லேபுக்கே பதில் போடு. அங்கே வருகிற கவர்களில் யாருடைய கடைவாய்ப்பல் அளவோதான் இருக்கும், ஒருத்தரும் ஆசைப்பட்டுப் பிரிக்க மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பித்தப்பையில் கல். பிப்ரவரி இரண்டாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. முன்னேற்பாடாக ரத்தம் எடுத்தார்கள். ஓ பாசிடிவ். பிறந்ததிலிருந்து நான் அதுதான். ஆனால் கம்ப்யூட்டரில் என் பேருக்கு எதிரே பி பாசிடிவ் என்று இருக்கிறது. இன்னொரு தடவை எடுத்தார்கள். மறுபடியும் ஓ. நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்களுக்கு மொத்தம் எத்தனை உடம்பு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன வருஷம் பழைய காகித ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். ஆளுக்கு ஒரு எண். நம் உடம்புக் கதை முழுக்க அந்த எண்ணுக்குள். "குடும்பத்துக்கு ஒரு போன் நம்பர் குடுங்க" என்றார்கள், உன் மாமா, என்னைக் கட்டிய மகராசன், தன் நம்பரைக் கொடுத்தார். அதனால் என் கதை முதலில் அவர் போனுக்குத்தான் வருகிறது. டிப்போவில் பஸ் வந்த நேரம் போன நேரம் குறிக்கிற மனுஷர் இல்லையா, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். படித்துவிட்டு என் முன்னால் போனை நீட்டினார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு இப்படி இருந்தது: "ஆகஸ்ட் 3 சேர்க்கை. ஆகஸ்ட் 5 வீடு திரும்பினார். இருபது வாரக் கரு, தங்கவில்லை. பெண்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யார் பெற்ற பெண்ணோ, என் பேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது! எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பல் கட்டும் பயிற்சிக்கு வெளியூர் விடுதியில் இருந்தேன். அந்தப் பயிற்சிக்கூடமும் இழுத்து மூடி ஆறு வருஷம் ஆகிறது. நீதான் நம் மாடி அறையில் தனியாக இருந்து பொம்மை பேக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்தாய். என் ஆஸ்பத்திரி கார்டு தகரப் பெட்டியில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? யாராவது வந்து கேட்டார்களா? யோசித்து எழுது.

உன் அக்கா மகள் "சித்தி எப்ப வரும்?" என்று நாளுக்கு இரண்டு தடவை கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமடைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்காதே. எண்ணெயைக் குறை. மாமாவும் குழந்தையும் சுகமா?

இங்கே பனி. விமானங்கள் தாமதம், அதனால் என் கவுண்டரில் பெட்டி தேடுகிற கூட்டம். ஒருவர் வந்து கறுப்புப் பெட்டி என்றார். உள்ளே நூற்றெழுபது கறுப்புப் பெட்டி இருக்கிறது. எதை என்று சொல்ல?

நீ எழுதிய விஷயம் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது தாள் மாறியிருக்கும். நீ இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அந்தப் பக்கத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறது? எல்லாவற்றையும் எழுதினாயா, அல்லது அவ்வளவுதானா?

மாப்பிள்ளை உனக்கு வணக்கம் சொன்னதாக எழுதச் சொன்னார் என்று எழுதலாம். ஆனால் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உன் சின்னவள்


பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். எல்லாரும் சுகம்தானே?

ஆபரேஷன் நடக்கவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு ரத்த வகை இருக்க முடியாது, இந்தப் பதிவு யாருடையது என்று தீராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லிவிட்டார். பதிவறைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு ஆபீசர். மேல்வரிசையில் இடப்பக்கம் தெத்துப்பல், கம்பி போட்டிருந்தால் பன்னிரண்டு வயதிலேயே சரியாகியிருக்கும். நான் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் இல்லீங்க," என்றேன்.

"உங்க பேரு, உங்க வயசு, உங்க விலாசம்."

"பேரு என்னுதுதான். அந்தக் கட்டில்ல படுத்தது நான் இல்ல. அழிச்சிருங்க."

"உங்களுதா இருந்தா, நடந்ததை அழிக்க முடியாது. உங்களுது இல்லன்னா, அடுத்தவங்க பதிவைத் தொட உங்களுக்கு உரிமை கிடையாது. சொல்லப்போனா நீங்க அதைப் படிச்சதே தப்பு."

"என் பேர்லதானே இருக்கு!"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

நான் எந்தப் பக்கமாகப் போனாலும் அவர் அங்கே நின்றார். சரி, இதை இதுவரை யார் யார் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பொத்தானைத் தட்டி, "நாப்பத்தொரு தடவை திறந்திருக்கு" என்றார். யார் என்று சொல்லக் கூடாதாம், அது அவர்களுடைய அந்தரங்கமாம். எப்படி இருக்கிறது கதை!

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உன் மாமா நேற்று சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. மனுஷங்கதானே" என்றார். மன்னித்துவிட்டார், சின்னவளே! செய்யாத தப்புக்கு என்னை மன்னித்துவிட்டார்! அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்த நான், அது நான் இல்லை என்கிறேன், கையகலப் போன் ஆமாம் என்கிறது, அவர் போனை நம்புகிறார். எழுதி வைத்தது பொய் சொல்லாதாம். எனக்கு வந்த அழுகைக்கு வயிற்று வலி எவ்வளவோ தேவலை.

இப்போது உன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. அந்தத் தேதிகளில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர், நான் ஊரில் இல்லை என்று கைப்பட ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தந்தால், விசாரணைக்கு எடுத்துக்கொள்வார்களாம். அது நீ ஒருத்திதான். நாலு வரி போதும். உடனே அனுப்பு.

நீ கேட்டாயே, நான் எழுதியது போக வேறு ஒன்றும் இல்லை. பழைய தாளில் பாதி கட்டங்கள் வெறுமையாம்.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. லேபில் தபால் வரும்போதெல்லாம் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறேன். எவருடைய தாடை அளவோதான் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை வலி வந்து மேசையிலேயே சுருண்டுவிட்டேன். இரண்டு நாள் ஊசி போட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள். கல் நகர்ந்து குழாயை அடைத்தால் பொல்லாப்பு என்கிறார் டாக்டர். அப்படியானால் வெட்டி எடுங்கள் என்றால், பதிவைச் சரிசெய்து வாருங்கள் என்கிறார்.

உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு ஒன்று பொறி தட்டியது. நம் வீட்டுக்கார அம்மா மகள், அந்த ரெட்டைஜடை. அவளிடம் மாடி அறைக்கு மாற்றுச் சாவி இருந்தது. என்னைவிட ஓரிரு வயதுதான் குறைவு. அந்த வருஷம் ஒரு வாரம் போல அவள் வெளியே தலைகாட்டவில்லை என்று நீயே எப்போதோ சொன்னாய். அவள்தான் என் கார்டை எடுத்திருக்க வேண்டும். சாது மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை செய்திருக்கிறாள் பார்! இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு இதே ஊரில்தான் இருக்கிறாள். நேரிலேயே கேட்டுவிடப் போகிறேன்.

நீ சாட்சிக் கடிதத்தை அனுப்பு, தாயே.

உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான் நலம்.

சாட்சிக் கடிதம் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். ஆபீஸ் தாளில் எழுதலாமா, வெள்ளைத் தாளா, ஆங்கிலத்திலா என்றெல்லாம் தெரியவில்லை. அதோடு, அத்தனை வருஷம் முன்பு எந்தத் தேதியில் யார் எங்கே இருந்தார்கள் என்று நான் எப்படி அடித்துச் சொல்வது?

அக்கா, ஒன்று சொன்னால் கோபப்படாதே. ஆமாம், அது நான்தான் என்று நீ சொல்லிவிட்டால் என்ன? மாமாதான் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாரே. ஆபரேஷன் நடந்துவிடும். உன் உயிர்தான் முக்கியம்.

வேறு என்ன எழுதுவது? பனி குறைந்திருக்கிறது.

உன் சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்தான் என்று சொல்லிவிடுவதாமே! நான் பெறாத பிள்ளையை நான் பெற்றேன் என்றும், படுக்காத கட்டிலில் படுத்தேன் என்றும்! உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் கையெழுத்துதானா என்று சந்தேகம் வந்து பழைய கடிதத்தோடு வைத்துப் பார்த்தேன். சரி, அப்படியே சொல்கிறேன் என்று வைத்துக்கொள். என் ரத்தம் பி ஆகிவிடுமா?

ரெட்டைஜடை வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, எத்தனை வருஷம் ஆச்சு" என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். வயிற்றெரிச்சலில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கொண்டுபோயிருந்த உன் மாமா போனைத் திறந்து, "இந்த ஆகஸ்ட் மூணாந்தேதி என் கார்டை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நீதானே?" என்று கேட்டேவிட்டேன். அவள் அந்த வரியைப் படித்தாள். முகம் செத்துப்போயிற்று. பிறகு, "நான் இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்படியானால் யார் என்று அவள் கேட்கவில்லை. மாமியார் கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்து, "என்ன ஆஸ்பத்திரி? எதுக்கு?" என்றார்.

நான் வந்துவிட்டேன். அவள் வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை நடப்பதாகக் கடைத்தெருவில் காதில் விழுந்தது. அவள்தான் என்றால் நான் செய்தது சரி. அவள் இல்லை என்றால், நான் என்ன காரியம் செய்திருக்கிறேன்? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சில சமயம், பயிற்சிக்குப் போனதாக நானே கனவு கண்டேனோ, உண்மையில் அந்தக் கட்டிலில் கிடந்தது நான்தானோ என்றுகூடத் தோன்றுகிறது. நாற்பத்தொரு தடவை திறந்து படித்த ஒன்றை நான் ஒருத்தி இல்லை என்று எத்தனை நாள் சொல்வது?

நீயாவது ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்.

எல்லாரும் சுகம்தானே.

அக்கா


ஏப்ரல் 19

என் அக்காவுக்கு,

அது ரெட்டைஜடை இல்லை. நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் மூன்று பேருக்குப் பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டரில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி என்னுடையது என்று ஒருவர் வந்தால், திறப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வோம். சொன்னால்தான் கொடுப்போம். நீயும் என்னை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

முதல் மாடி, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில். பச்சை ரப்பர் விரிப்பு, கால்பக்கம் கிழிசல். பக்கத்துக் கட்டில் அம்மா ஆரஞ்சு உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். நர்ஸ் வந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றாவது தடவைதான் என்னைத்தான் என்று உறைக்கும். எனக்கென்று கார்டு இல்லை, போட வேண்டுமானால் வீட்டுப் பெரியவர் வர வேண்டும் என்றார்கள். உன் கார்டில் போட்டோ கிடையாது. வயசு கேட்டார்கள், உன் வயசைச் சொன்னேன். ஒருத்தரும் மறுபடி கேட்கவில்லை. பஸ்ஸில் தனியாகப் போனேன், ஆட்டோவில் தனியாக வந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கும்போது ரெட்டைஜடை பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்கவே இல்லை. ஒரு வாரம் வெந்நீரும் சோறும் மாடிக்கு எடுத்து வந்தாள். தலைகாட்டவில்லை என்றேனே, என் அறையில்தான் இருந்தாள். உன் முன்னால், அவள் மாமியார் முன்னால் நின்றுகொண்டுகூட என் பேரை அவள் சொல்லவில்லை பார்.

அவன் யார் என்று கேட்காதே. ஜூலையிலேயே வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விட்டான். நீ வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். நீ செப்டம்பரில் பல் பெட்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்து நின்றாய். அப்போது சொல்லவில்லை. அப்புறம் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

அக்கா, பெண் என்று எனக்குத் தெரியாது. துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. உன் முதல் கடிதத்தில், யார் பெற்ற பெண்ணோ என்று நீ எழுதியிருந்த வரியில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, ஏர்போர்ட் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

பயம்தான், வேறு காரணம் இல்லை. இங்கே வீட்டில் எல்லாருடைய போனும் எல்லாருக்கும் பொது. இந்தப் பயத்தில் உன்னை வலியில் போட்டுவிட்டேன், மாமாவிடம் கெட்ட பேர் வாங்க வைத்தேன், ரெட்டைஜடையையும் மாட்டிவிட்டேன். சாட்சிக் கடிதம் இணைத்திருக்கிறேன். நீ ஊரில் இல்லை என்றும், கார்டை எடுத்தது நான் என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

சின்னவள்


மே 30

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உடம்பு எப்படி இருக்கிறது? வெறும் வழக்கத்துக்குக் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. முதல் பத்து நாள் உன் மேல் கோபம். அடுத்த பத்து நாள் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அப்புறம், கடை கடையாய்ப் போய் வளையல் பார்த்தபடி உன்னோடு நடந்த அந்த செப்டம்பர் மாதத்தை ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். நீ இளைத்திருந்தாய். பேக்கிங் வேலை அதிகம் என்றாய். சரி என்றேன். அந்நியர்களின் வாய்க்குள்ளே ஒரு நூல் அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு, சொந்தத் தங்கச்சி முகத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை.

ரெட்டைஜடை வீட்டுக்கு மறுபடி போனேன். அவள் மாமியாரை உட்கார வைத்து, "தப்பு முழுக்க என் மேலதாம்மா, ஆஸ்பத்திரிக்காரங்க தாள் மாத்திட்டாங்க" என்றேன். ரெட்டைஜடை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "சின்னது நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றேன். போதும் என்றாள்.

உன் கடிதத்தை இன்னும் ஆபீசரிடம் கொடுக்கவில்லை. அவருக்கு மேலே இருக்கிறவரிடம் கேட்டுப் பார்த்ததில் இரண்டு வழி இருக்கிறதாம். கார்டு களவு போனது, எடுத்தவர் யாரென்று தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கத்தையே அடியோடு அழித்துவிடுவார்கள். இல்லையென்றால் உரியவர் பேரில் ஒரு எண் திறந்து அங்கே மாற்றுவார்கள். அழித்துவிடலாம், சின்னவளே. உன் பேர் எங்கேயும் வராது. மாப்பிள்ளைக்கும் தெரிய வேண்டாம், உன் மாமாவுக்கும் தெரிய வேண்டாம். சரி என்று ஒரு வரி எழுது, அன்றைக்கே முடித்துவிடுகிறேன்.

உன் அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் பரவாயில்லை. உன் வலி எப்படி?

அழிக்காதே.

இதை எழுதப் பத்து நாள் யோசித்தேன் என்று நினைக்காதே, உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. வேறு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, படம் கிடையாது. அதுவும் தப்பான பேரில் இருக்கிறது. என் பேருக்கு மாற்று. எண் திறக்க வேண்டிய ஃபாரம், என் அடையாளத் தாள்கள், உன்னை என் சார்பில் கையெழுத்துப் போட அனுமதிக்கிற கடிதம் எல்லாம் உள்ளே இருக்கிறது. போன் நம்பர் கட்டத்தில் என் நம்பரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

பத்து நாள் ஆனது வேறு விஷயத்துக்கு. மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். என் போனில் அந்தப் பக்கம் வந்த பிறகு அவர் கையில் அது அகப்பட்டு, அவர் படித்து, நான் விளக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நானே சொன்னேன். அன்றிலிருந்து காலையில் அவரே டீ போட்டுக்கொள்கிறார். எனக்கும் ஒன்று போட்டு வைக்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. டீயைக் குடித்துவிடுகிறேன்.

உன் சின்னவள்


ஜூலை 28

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். பதினாறாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. கல்லை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். இந்த அற்பக் கல்லுக்கா இத்தனை பாடு என்று இருந்தது. தையல் ஆறிவிட்டது. உன் அக்கா மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று பாதியைத் தரையில் கொட்டுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி? டீ வருகிறதா?

என் போனுக்கு ஒரு நாள் செய்தி வந்தது. என் போனுக்கு, கவனி. உன் மாமா நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொல்லிவிட்டேன். என் பதிவில் இப்போது ஓ பாசிடிவ், இரண்டு காய்ச்சல், ஒரு பிரசவம், ஒரு கல். அவ்வளவுதான் நான். அதை உன் மாமாவிடம் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தார். "அப்போ அது யாருது?" என்றார். "உங்க போன்ல இனிமே வராத ஆளுது" என்றேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். இல்லை பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அவர் இப்படியே முழிக்கட்டும்.

உன் ஃபாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெத்துப்பல் ஆபீசர் உன் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு அதை மடித்து, எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். அதற்காகவே அந்தப் பல்லை மன்னித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு கட்டமாக உன் பேரில் ஏற்றினார். பழைய தாளில் வெறுமையாக இருந்ததையெல்லாம் இப்போது நிரப்பினால்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகருமாம். உன் உயரம் கேட்டார், எடை கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

"துணைக்கு இருந்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா இருக்கு. யாரு இருந்தாங்க?" என்றார்.

சின்னவளே, அந்த ஆகஸ்டில் நான் பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லியனுப்பியிருந்தால் ஓடி வந்திருப்பேன். சொல்லியனுப்பத் தோன்றாத அளவுக்கு நான் உனக்கு எப்படிப்பட்ட அக்காவாக இருந்திருக்கிறேன்? நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்ததாக அந்தக் கம்ப்யூட்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. நான் இல்லை, இல்லை என்று ஆறு மாதம் அதோடு சண்டை போட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலிலாவது இருந்திருக்க வேண்டும்.

"நான்தாங்க இருந்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க அந்தத் தேதியில ஊர்லயே இல்லன்னு இப்பத்தானே சாட்சிக் கடிதம் குடுத்தீங்க?"

"ஆமா. நீங்க எழுதுங்க."

அவர் விரல் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள்.

"உறவு?" என்றார்.

"அக்கா" என்றேன். தட்டினார்.

இனி நீ உன் போனில் திறந்து பார்த்தால் அந்தக் கட்டத்தில் என் பேர் இருக்கும். பொய்தான். யார் வந்து கேட்டாலும் திருத்தித் தர மாட்டேன்.

உன் அக்கா